விற்பனைக்கு வரும் முன்பே புதிய போனைக் கடையில் சோதிப்பது எப்படி? வேலூர் வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு போனை மேடையில் அறிமுகப்படுத்தும் நாளுக்கும், அது கடையில் விற்பனைக்கு வரும் நாளுக்கும் நடுவே ஒன்று முதல் இரண்டரை வாரம் வரை இடைவெளி இருக்கும். முன்பதிவுக்குப் பணம் வாங்குவது அந்த இடைவெளியில்தான். போனை ஒருமுறைகூடக் கையில் எடுக்காமல், விளம்பரப் படத்தையும் யூடியூப் வீடியோவையும் நம்பி எண்பதாயிரம் ரூபாய்க்கு ஒப்புக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஆனால் பல மாடல்களின் டெமோ பீஸ், அதாவது வாடிக்கையாளர் தொட்டுப் பார்க்கக் கடையில் வைக்கும் போன், அதே இடைவெளியில் கடைக்கு வந்துவிடுகிறது. காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ இருப்பவர் அரை மணி நேரம் ஒதுக்கினால், முன்பதிவு செய்வதா வேண்டாமா என்பதைத் தன் கையாலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டெமோ பீஸில் தெரிவதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எடை, அகலம், திரையின் பிரதிபலிப்பு, லென்ஸ், ஸ்பீக்கர், கைரேகை சென்சார் ஆகியவை எந்த அப்டேட் வந்தாலும் மாறாது. புகைப்படத்தின் நிறம், வேகம், சூடு, மெனுவில் வரும் திணறல் ஆகியவை விற்பனை நாளன்று வரும் முதல் அப்டேட்டிலேயே மாறக்கூடும், ஏனென்றால் டெமோ பீஸில் பெரும்பாலும் வெளியீட்டுக்கு முந்தைய மென்பொருள்தான் ஓடும். கடையில் கிடைக்கும் நேரத்தில் முக்கால் பங்கை மாறாத விஷயங்களுக்குக் கொடுங்கள். பலரும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்: கேம் ஓட்டிப் பார்க்கிறார்கள், பெஞ்ச்மார்க் எண் பார்க்கிறார்கள், போனை ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஒரு கையில் பிடித்துப் பார்ப்பதில்லை.

தேதிகளைப் பிரித்துப் படியுங்கள்

அறிமுக நாள், முன்பதிவு தொடங்கும் நாள், விற்பனை தொடங்கும் நாள் மூன்றும் வேறு வேறு. கேலக்ஸி எஸ்25 வரிசையை 2025 ஜனவரி 22 அன்று அறிமுகப்படுத்தினார்கள், விற்பனை பிப்ரவரி 7. நடுவே 16 நாள். ஐபோன் 16 அறிமுகமானது 2024 செப்டம்பர் 9, முன்பதிவு 13, விற்பனை 20. நடுவே 11 நாள்.

இந்த இடைவெளியில் டெமோ பீஸ் வருமா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. சாம்சங் போன்ற நிறுவனங்கள் முன்பதிவுக் காலத்திலேயே தங்கள் தனிக் கடைகளுக்கு டெமோ பீஸ் அனுப்புவது வழக்கம். ஐபோன் டெமோ பெரும்பாலும் விற்பனை நாளன்றுதான் மேசைக்கு வரும். ஆகவே ஐபோன் வாங்குபவர் விற்பனை நாள் காலையில் டெமோவைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது ஒரு வழி. அதற்குமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. அதைக் கீழே சொல்கிறோம். ஸ்ரீபெரும்புதூரில், நம் சென்னை சாலையோரத்திலேயே ஐபோன் தயாராகிறது என்பதால் வேலூருக்கு ஒரு நாள் முன்னதாக வந்துவிடாது. எல்லா ஊருக்கும் ஒரே தேதிதான்.

விற்பனைத் தேதிக்கு முன்பே கடையில் பெட்டி வந்து இறங்கியிருக்கலாம். "இருக்கு, உங்களுக்காகப் பிரிச்சுக் காட்டுறேன்" என்று யாராவது சொன்னாலும் ஏற்க வேண்டாம். தேதிக்கு முன் பெட்டியைப் பிரிப்பது அந்தக் கடைக்கும் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தத்துக்குச் சிக்கல். பில் தேதியும் போன் முதலில் இயக்கப்பட்ட தேதியும் பொருந்தாமல் போனால், பிற்பாடு வாரண்டி கேட்கும்போது அந்தச் சிக்கல் உங்கள் தலையில் விழும். டெமோ பீஸ் மட்டும் போதும்.

போவதற்கு முன் ஒரு போன் போடுங்கள்

"அந்த மாடல் வந்துடுச்சா?" என்று பொதுவாகக் கேட்டால் "வந்துடுச்சு, வாங்க சார்" என்பதுதான் பதிலாக வரும். போய்ப் பார்த்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் டம்மி பீஸ், அதாவது இயங்காத வெற்று மாதிரி, இருக்கும். கேள்வியைக் கூர்மையாகக் கேளுங்கள்:

"அண்ணா, டெமோ பீஸ் லைவா, டம்மியா? ஆன் ஆகுமா?"
"ஒயரை இழுத்தா எவ்வளவு தூரம் வரும்? கையில நல்லாப் பிடிச்சுப் பாக்கலாமா?"
"எந்த கலர், எந்த சைஸ் இருக்கு? அல்ட்ரா மட்டுமா, சின்னதும் இருக்கா?"

மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். விலை கூடிய மாடலை மட்டும் மேசையில் வைத்து, நீங்கள் வாங்க நினைக்கும் சிறிய மாடலை வைக்காமல் விடுவது அடிக்கடி நடக்கும். அல்ட்ராவின் கேமராவைப் பார்த்து வியந்து சாதாரண மாடலை முன்பதிவு செய்தால் கிடைப்பது வேறு லென்ஸ்.

முதலில் விசாரிக்க வேண்டியது அந்த நிறுவனத்தின் தனிக் கடையில். அடுத்து பூர்விகா, சங்கீதா போல பல கிளை உள்ள கடைகள். குடியாத்தம், ஆம்பூர், ஆரணி, வாலாஜா பக்கம் இருப்பவர்கள் உள்ளூர்க் கடையில் லைவ் டெமோ இல்லையென்றால் வேலூருக்கு ஒருமுறை பேசிப் பார்ப்பது நல்லது. வேலூரிலும் இல்லை, தொகையும் பெரியது என்றால் காட்பாடியில் ரயிலேறி இரண்டு மணி நேரத்தில் சென்னை. லட்ச ரூபாய் போனுக்கு அந்த டிக்கெட் செலவு பெரிதல்ல.

வார நாளில் காலை 11 மணியிலிருந்து மதியம் 1 மணிக்குள் போங்கள். ஞாயிறு மாலையும் மாதத்தின் முதல் வாரமும் வேண்டாம். ஆற்காடு சாலையில் சி.எம்.சி.யைச் சுற்றி எந்நேரமும் நெரிசல் இருக்கும். ஸ்பீக்கர் சோதனைக்கு அந்தச் சத்தம் ஒத்துவராது.

வீட்டில் செய்யும் சோதனை: அட்டையும் நாணயமும்

டெமோ வராத ஊரில் இருப்பவர்களுக்கும் இது பயன்படும். நிறுவனத்தின் தளத்தில் போனின் நீளம், அகலம், தடிமன், எடை நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா 162.8 × 77.6 × 8.2 மி.மீ., 218 கிராம். ஐபோன் 16 என்றால் 147.6 × 71.6 × 7.8 மி.மீ., 170 கிராம். அதே நீள அகலத்தில் தடித்த அட்டையை வெட்டி, தடிமன் வரும்வரை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். கட்டைவிரல் எதிர்ப்பக்க மேல்மூலையைத் தொடுகிறதா என்று பாருங்கள். உயரத்தைவிட அகலம்தான் கையைத் தீர்மானிக்கும். 72 மி.மீ. வரை பெரும்பாலான கைகளுக்கு ஒரு கைப் போன். 75-ஐத் தாண்டினால் இரண்டு கையும் வேண்டியிருக்கும்.

எடைக்குப் பத்து ரூபாய் நாணயம். ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம். நம் பக்கம் பல கடைகளில் இதை வாங்கத் தயங்குவதால் வீட்டில் நாலைந்து கிடக்கும். உங்கள் இப்போதைய போன் 187 கிராம், புதியது 218 கிராம் என்றால் வித்தியாசம் 31 கிராம், அதாவது நான்கு நாணயம். பின்பக்கம் மேற்பாதியில் டேப் போட்டு ஒட்டுங்கள், ஏனென்றால் கேமராக்களின் எடை அங்கேதான் ஏறும். அப்படியே ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்துங்கள். படுத்துக்கொண்டு படிக்கும்போது சுண்டுவிரல் வலித்தால், சட்டைப் பை முன்னால் தொங்கினால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பேக் கேஸ் போட்டால் இன்னும் 25 முதல் 40 கிராம் சேரும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை

உங்கள் இப்போதைய போன், முழு சார்ஜில். அன்றைய தமிழ் நாளிதழின் ஒரு தாள். நிறம் நன்கு தெரிந்த ஒரு துண்டுத் துணி, அரக்கு அல்லது கத்தரிப்பூ நிறமாக இருந்தால் சிறப்பு. கைக்குட்டை. கண்ணாடி அணிபவர் கண்ணாடி, கூலிங் கிளாஸ் போட்டு வண்டி ஓட்டுபவர் அதையும். இவ்வளவுதான்.

முதல் ஐந்து நிமிடம்: அலங்காரத்தைக் கலையுங்கள்

டெமோ பீஸ் சாதாரணப் போன் மாதிரி இயங்காது. கடைக்கென்றே உள்ள ஒரு முறையில் ஓடும். நிமிடத்துக்கொருமுறை விளம்பர வீடியோ குறுக்கே வரும், திரை வெளிச்சம் உச்சத்தில் நிற்கும், நிறம் பளிச்சென்ற அமைப்பில் இருக்கும், முன்கேமராவில் முக அழகு ஏறியிருக்கும். முதலில் இவற்றைக் கலைக்க வேண்டும்.

செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் நிறத்தை இயல்பான அமைப்புக்கு மாற்றுங்கள். வெளிச்சத்தைப் பாதிக்கு இறக்குங்கள். ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை காட்சியைப் புதுப்பிக்கிறது என்பது, எதில் நிற்கிறது என்று பாருங்கள். 120 ஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்த போனிலும் அமைப்பு 60-இல் இருக்கலாம், அப்போது "ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே" என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். கேமராவில் பியூட்டி, ஃபில்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். சில அமைப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருப்பார்கள். கடைப் பணியாளரிடம் கேட்டால் திறந்து கொடுப்பார், மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

அபௌட் போன் பகுதியில் ஆண்ட்ராய்டு பதிப்பையும் பாதுகாப்பு அப்டேட் தேதியையும் உங்கள் போனில் படம் எடுத்து வையுங்கள். விற்பனைக்குப் பின் வரும் பதிப்போடு ஒப்பிட்டால், நீங்கள் பார்த்த குறை எதில் இருந்தது என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. டெமோ பீஸில் உங்கள் கூகுள் கணக்கையோ இன்ஸ்டாகிராமையோ வாட்ஸ்அப்பையோ திறக்காதீர்கள். யூடியூப் பார்க்கக் கணக்கு தேவையில்லை. கிளம்பும்போது நீங்கள் எடுத்த படங்களையும் பதிவு செய்த கைரேகையையும் நீக்குங்கள். கேலரியில் நீக்கியது குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கக்கூடும், அங்கிருந்தும் அழியுங்கள். முந்தைய வாடிக்கையாளர்களின் குடும்பப் படங்கள் டெமோ பீஸில் கிடப்பதைப் பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

கை, பிறகு திரை

ஐந்து நிமிடம் ஒரே கையில் வைத்திருங்கள். பின்பக்கத் திருட்டுத் தடுப்புக் கட்டியும் ஒயரும் 20, 30 கிராம் கூட்டிக்காட்டும், பிடியையும் கெடுக்கும். ஒயர் இழுக்கும் திசைக்கு எதிராகப் பிடிக்காமல், அதைத் தளர்த்திவிட்டுப் பிடியுங்கள். மேசைமேல் மல்லாக்க வைத்து மேல்மூலையைத் தட்டுங்கள். கேமரா மேடு ஒரு பக்கமாக இருந்தால் போன் ஆடும். மேசையில் வைத்தே தட்டச்சு செய்பவருக்கு அது நாள்தோறும் வரும் எரிச்சல்.

திரைக்கு வருவோம். நம் ஊரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கடைக்குள் ஏ.சி.யில் எந்தத் திரையும் அழகுதான். ஒயர் எட்டுமானால் கண்ணாடிக் கதவருகே கொண்டுபோய், வெளி வெளிச்சம் திரையில் படும்படி திருப்புங்கள். எட்டாவிட்டால் மேலே உள்ள குழல் விளக்கின் பிம்பம் திரையில் விழும்படி சாய்த்து, அந்தப் பிம்பத்தின் மேலேயே எழுத்தைப் படிக்க முயலுங்கள். பக்கத்தில் உங்கள் பழைய போனையும் அதே கோணத்தில் பிடியுங்கள். உச்ச வெளிச்சம் எத்தனை ஆயிரம் நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) என்ற எண்ணைவிடப் பிரதிபலிப்பு எவ்வளவு குறைவு என்பதுதான் வெளியில் படிக்க உதவும். அந்த எண் பெரும்பாலும் திரையின் சிறு பகுதியில், சில நொடிகளுக்கு மட்டும் கிடைப்பது. வெயிலில் போன் சூடானதும் வெளிச்சத்தைத் தானே இறக்கிக்கொள்ளும்.

வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து 45 டிகிரி சாய்த்துப் பாருங்கள், பச்சையோ இளஞ்சிவப்போ ஏறுகிறதா என்று. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நேராகவும் படுக்கையாகவும் பாருங்கள். சில திரைகள் ஒரு திசையில் இருண்டுவிடும். ஸ்கூட்டரில் வழிகாட்டி வரைபடம் பார்ப்பவருக்கு இது பெரிய விஷயம்.

திரை பார்த்தால் தலைவலி வருபவர்களுக்குத் தனியாக ஒரு சோதனை. டெமோவின் வெளிச்சத்தைக் கால்வாசிக்கு இறக்குங்கள். உங்கள் போன் கேமராவின் புரோ முறையில் (அமைப்புகளை நாமே மாற்றும் முறை) ஷட்டரை 1/2000 நொடிக்கு வைத்து அந்தத் திரையை நோக்குங்கள். தடித்த கறுப்புப் பட்டைகள் ஓடினால் திரை குறைந்த அதிர்வெண்ணில் மின்னுகிறது என்று பொருள். மெல்லிய கோடுகள் நெருக்கமாகத் தெரிந்தாலோ ஒன்றுமே தெரியாவிட்டாலோ கண்ணுக்கு இதம். சில ஓஎல்இடி திரைகள் 240 ஹெர்ட்ஸ் அளவில் மின்னும், வேறு சிலவற்றில் 2160, 3840 என்று இருக்கும். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனால் சிலருக்கு ஒரு மணி நேரத்தில் நெற்றி கனக்கும்.

பக்கத்து மேசையில் உள்ள போன வருட மாடலின் டெமோவில் பேய் நிழல் போல எழுத்து படிந்திருந்தால் அந்த மாடலையே சந்தேகிக்க வேண்டாம். ஒரே வீடியோவை உச்ச வெளிச்சத்தில் மாதக்கணக்கில் ஓட்டியதால் திரை கருகிய தடம் அது.

கைரேகை: நம் பகுதிக்கு இது தனிப் பாடம்

பீடி சுற்றும் கைகள், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் கைகள், வயல் கைகள். ரேஷன் கடைக் கருவியில் விரல் பதியாமல் மூன்று நான்கு முறை அழுத்துபவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர். அப்பா அம்மாவுக்காக வாங்குகிறீர்கள் என்றால் அவர்களையே கடைக்கு அழைத்துப் போங்கள். டெமோ பீஸ் கைரேகைப் பதிவை அனுமதித்தால் அவர்கள் விரலைப் பதிந்து பத்து முறை திறந்து பாருங்கள். எட்டு முறைக்குக் கீழே என்றால் அந்த சென்சார் அவர்களுக்கு ஒத்துவராது.

திரைக்கடியில் இருப்பது இரண்டு வகை. விரலில் ஒளி அடித்துப் படம் எடுப்பது ஆப்டிகல், அழுத்தும்போது அந்த இடம் பளிச்சென்று ஒளிரும். ஒலி அலையால் மேடு பள்ளத்தை அளப்பது அல்ட்ராசோனிக், அது ஒளிராது. ஈர விரலுக்கு இரண்டாவது மேல். விரலைக் கைக்குட்டையால் ஈரமாக்கி மறுபடி முயன்று பாருங்கள். அல்ட்ராசோனிக் என்றால் கிடைத்த டெம்பர்டு கிளாஸை எல்லாம் ஒட்ட முடியாது. காற்று இடைவெளி விட்ட கண்ணாடி ரேகையைத் தடுக்கும். அந்த மாடலுக்கென வந்ததா என்று கேட்டு ஒட்டுங்கள். பக்கவாட்டு பவர் பட்டனில் உள்ள சென்சாருக்கு இந்தத் தொல்லை இல்லை, அதனாலேயே வயதானவர்களுக்கு அந்த வகையைப் பரிந்துரைக்கிறோம்.

கேமரா

இங்கேதான் நேரம் எடுக்கும். நாளிதழ் தாளை மேசையில் விரித்து, அரை மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழாக ஒரு படம். பெரிதாக்கி நான்கு மூலைகளிலும் எழுத்தைப் படியுங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் அந்தப் பீஸின் லென்ஸ் சாய்ந்திருக்கிறது, மாடலின் குறையல்ல.

அடுத்து நெருக்கம். அதே தாளை 30 செ.மீ., 20, 10 என்று நெருங்குங்கள். பெரிய சென்சார் வைத்த முதன்மை கேமராக்கள் 20 செ.மீ. அளவிலேயே திணறும். உடனே போன் ஓசைப்படாமல் அல்ட்ராவைடு (அகலக் காட்சி) லென்ஸுக்குத் தாவிவிடும், படத்தின் தரமும் இறங்கும். தாவும் கணத்தில் காட்சி லேசாகக் குதிப்பதைக் கவனித்தால் தெரியும். ஆவணங்களைப் படம் எடுத்து அனுப்பும் வேலை உள்ளவர்களுக்கு இந்தக் குணம் தினமும் இடிக்கும்.

இப்போது துணி. ஆரணியில் பட்டுப்புடவையை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்பவர்களுக்கும், ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் சாம்பிள் அனுப்புபவர்களுக்கும் நிறம் பிசகினால் சரக்கு திரும்பி வரும். துணியைக் கடையின் எல்இடி வெளிச்சத்தில் ஒரு படம், கதவருகே பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். இரண்டிலும் நிறம் ஒன்றாக இருக்கிறதா? அரக்குச் சிவப்பில் நூலோட்டம் தெரிகிறதா, அல்லது மை கொட்டியது போல் ஒரே கட்டியாக நிற்கிறதா? நூலோட்டம் மறைந்தால் சிவப்பு நிறம் எல்லை மீறிவிட்டது. புரோ முறையில் வெளிச்சத்தை ஒரு படி குறைத்து மறுபடி எடுங்கள், சரியானால் சமாளிக்கலாம். கறுப்புத் தோல் செருப்பையோ பர்ஸையோ வைத்து இதே சோதனை செய்யலாம். மேல்பரப்பின் சுருக்கக் கோடுகள் வழவழப்பாக அழிந்தால், மென்பொருள் அதைப் படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகள் என்று எண்ணித் துடைக்கிறது. இது அப்டேட்டில் மாறக்கூடியது, ஆகவே குறித்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தை எடுக்கும்போது உங்களோடு வந்தவரைக் கதவுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். பின்னால் வெயில், முன்னால் நிழல். நம் தோலின் மாநிறத்தைச் சாம்பல் பூசியது போலவோ சுண்ணாம்பு அடித்தது போலவோ வெளுத்துக் காட்டும் கேமராக்கள் உண்டு. பழைய போனில் அதே படத்தை எடுத்து, நேரில் நிற்கும் ஆளோடு ஒப்பிடுங்கள்.

ஓடும் குழந்தையைப் படம் எடுத்தால் கலங்கல்தான் வருகிறது என்பது பொதுவான புகார். ஷட்டர் தாமதத்தை அளக்க: உங்கள் போனில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும், டெமோ கேமராவால் அதை நோக்கி, 10.00 வந்ததும் அழுத்துங்கள். படத்தில் 10.35 என்று பதிவானால் அதில் சுமார் 0.2 நொடி உங்கள் விரலின் தாமதம். ஐந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள். பக்கத்து மேசைப் போனிலும் இதைச் செய்யுங்கள், தனி எண்ணைவிட இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பேசும்.

வீடியோவில் கடை விளக்கின் கீழ் பட்டை பட்டையாக ஓடினால் பதற வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். கேமரா அமைப்பில் ஃப்ளிக்கர் தடுப்பு இருந்தால் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 4கே வீடியோவை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். ஏ.சி. அறையிலேயே கேமராவைச் சுற்றிப் பிடிக்க முடியாத அளவு சூடு ஏறினால், சித்திரை மாதக் கல்யாண வீட்டில் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். சார்ஜில் செருகியே இருக்கும் பீஸ் கொஞ்சம் கூடுதலாகச் சுடும் என்பதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒலியும் தமிழும்

கணக்கு திறக்காமல் யூடியூபில் நாதஸ்வரம் ஒன்றை ஓட்டுங்கள். நாதஸ்வரம் போல ஸ்பீக்கரின் கரகரப்பைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. இரட்டை ஸ்பீக்கர் உள்ள போன் என்றால், கீழ் ஸ்பீக்கரை விரலால் மூடினால் மேலிருந்தும் ஒலி வர வேண்டும். உச்ச ஒலியில் பின்பக்கம் அதிர்ந்து கூசுகிறதா என்றும் பாருங்கள். அழைப்புத் தரத்தைக் கடையில் சோதிக்க வழியில்லை, டெமோவில் சிம் இருக்காது. வாய்ஸ் ரெக்கார்டரில் பேசி, திருப்பிக் கேட்டு மைக்கை மட்டும் எடை போடலாம்.

போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். எழுத்தளவைப் பெரிதாக்கினால் "அமைப்புகள்" போன்ற நீண்ட சொற்கள் பட்டனுக்கு வெளியே வெட்டுப்படுகின்றனவா? கீபோர்டில் "ஸ்ரீ", "க்ஷ", "நௌ" அடித்துப் பாருங்கள். முடித்ததும் மொழியை ஆங்கிலத்துக்கே திருப்பி விடுங்கள். அடுத்து வரும் பணியாளர் தடுமாறக்கூடும்.

கடையில் தெரியவே தெரியாதவை

பேட்டரி. நாள் முழுக்கச் செருகியிருக்கும் பீஸில் அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. புரொமோட்டர் "ரெண்டு நாள் வரும்" என்றால் புன்னகைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். அவர் கடை ஊழியர் அல்ல, அந்த நிறுவனம் நிறுத்தியவர், மாத இலக்கு உள்ளவர். குறைசொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பக்கத்து நிறுவனத்தோடு ஒப்பிட அவரிடம் கேட்டுப் பயனில்லை. அவரிடம் கேட்க வேண்டியது: பெட்டியில் சார்ஜர் உண்டா, இல்லையென்றால் எந்த வகை, என்ன விலை. ஐபோன் 12 தொட்டு ஆப்பிளும், எஸ்21 தொட்டு சாம்சங்கின் உயர் மாடல்களும் சார்ஜர் இல்லாமல்தான் வருகின்றன. அந்தத் தொகையையும் போன் விலையோடு கூட்டுங்கள்.

சிக்னலும் அப்படியே. அதற்குப் பட்டியல்தான் வழி. நிறுவனத் தளத்தில் 5ஜி அலைவரிசைப் பட்டைகளில் என்78, என்28 இரண்டும் இருக்கின்றனவா, எஸ்ஏ முறை (4ஜி துணையில்லாமல் தனித்து இயங்கும் 5ஜி) ஆதரவு உண்டா என்று பாருங்கள். ஜியோவின் 5ஜி முழுக்க எஸ்ஏ முறையில் ஓடுவது. கதிர்வீச்சு அளவு தெரிய வேண்டுமானால் டயலரில் *#07# அடித்தால் வரும். இந்தியாவில் அனுமதித்த உச்சம் உடல் திசுவின் எடையில் கிலோவுக்கு 1.6 வாட்.

முன்பதிவும் முதல் நாளும்

சோதனையில் திருப்தி வந்தால் மட்டும் டோக்கன் (முன்பணம்) கட்டுங்கள். ரசீதில் மாடல், நிறம், ஸ்டோரேஜ், கட்டிய தொகை, வேண்டாமென்றால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பது ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். பழைய போனை மாற்றுவதாக இருந்தால், இன்று சொல்லும் விலை டெலிவரி நாளிலும் அதேதானா என்று கேட்டு அதையும் எழுதி வாங்குங்கள். பல இடங்களில் அந்த மதிப்பு அன்றைக்கு மறுபடி கணக்கிடப்படும், சண்டை அங்கேதான் தொடங்கும். வட்டியில்லாத் தவணை என்றாலும் செயலாக்கக் கட்டணம் தனியாக வரலாம்.

சில மாதம் கழித்து இதே டெமோ பீஸ் "பாதி விலை" என்று எங்காவது தலைகாட்டும். வாங்காதீர்கள். பல டெமோ பீஸ்களில் சிம் வேலை செய்யாது, வாரண்டி இல்லை, ஓய்வே இல்லாமல் எரிந்த திரை, எப்போதும் முழு சார்ஜில் கிடந்து களைத்த பேட்டரி.

விற்பனை நாளில் பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி வீடியோ எடுங்கள். சீல் உடைவதிலிருந்து திரை ஒளிர்வது வரை ஒரே தொடராக எடுக்க வேண்டும். *#06# அடித்து வரும் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), பெட்டியில் உள்ள எண், ஜி.எஸ்.டி. பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றா என்று இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள். மொபைலுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அது விலைக்குள்ளேயே இருக்கும். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

அங்கேயே நின்று, ஆங்கில எழுத்தில் கே.ஒய்.எம். என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். அந்த எண் எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்கு உரியது என்று பதில் வரும். பிறகு நாளிதழ் தாளை மறுபடி விரித்து நான்கு மூலைகளையும் படம் எடுத்துப் பாருங்கள். டெமோவில் லென்ஸ் நேராக இருந்தது, உங்கள் பீஸில் சாய்ந்திருக்கலாம். கவுன்ட்டரை விட்டு நகரும் முன் சொன்னால் மாற்றித் தருவது எளிது, வீட்டிலிருந்து திரும்பி வந்தால் சர்வீஸ் சென்டரைக் கைகாட்டுவார்கள். அங்கும் தீராத பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் பதியும்போது பில்லும் பெட்டி பிரித்த வீடியோவும் கேட்பார்கள். இரண்டையும் அந்தப் புதிய போனில் மட்டும் வைக்காமல் வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்.